அம்மாவுக்கு ரேகை விழவில்லை: அவர்தான் அவர் என்று யார் சொல்ல வேண்டும்?

செவ்வாய்ப்பேட்டை மகன்
சனி, இரவு 9.40

சேலத்து நண்பர்களுக்கு வணக்கம். இன்று காலை ரேஷன் கடையில் நடந்ததை எங்காவது எழுதிவைக்காவிட்டால் தூக்கம் வராது என்று தோன்றியது. அதனால் இந்த இழை.

என் அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. பன்னிரண்டு வயதில் கொலுசுப் பட்டறைக்குப் போனவர். வளையம் கோப்பது, பொடி வைத்துப் பற்றவைப்பது, ஆசிட்டில் முக்கி எடுப்பது, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்ப்பது என்று ஐம்பது ஆண்டு வெள்ளியோடு கிடந்த கை. விரல் நுனிகள் கிண்ணத்தின் அடிப்பக்கம்போல வழவழவென்று இருக்கும். நடுவிரலில் ஒரு தீக்காய வடு உண்டு. அந்தக் கையில் கோடு என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான்.

கடையில் வலது கட்டைவிரலை வைத்தார், விழவில்லை. ஆள்காட்டி விரல், விழவில்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். "தலையில் தேய்த்துவிட்டு வையுங்கள் அம்மா, எண்ணெய்ப் பசை ஒட்டினால் சில சமயம் எடுக்கும்" என்றார் கடைக்காரர். அம்மா விரலை வகிட்டில் தேய்த்தார். பத்து விரலும் முடிந்தது. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. அம்மா திரும்பி அவர்களைப் பார்த்து, "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். எனக்கு அங்கேதான் நெஞ்சு அடைத்தது.

அந்தக் கடைக்காரர் எங்களுக்கு அந்நியர் இல்லை. பதினைந்து ஆண்டாக அதே கடையில் இருக்கிறார். அப்பா இறந்தபோது மாலையோடு வந்தவர். அவர் சொன்னது இதுதான்: "எனக்கு உங்களைத் தெரியும் அம்மா. மிஷினுக்குத் தெரியவில்லையே, நான் என்ன செய்ய?"

பிறகு ஓடிபி அனுப்பினார். குடும்ப அட்டையில் இருப்பது அப்பாவின் பழைய எண். அப்பா போய் மூன்று ஆண்டு ஆகிறது. எண்ணை நாங்கள் தொடரவில்லை. பயன்பாடு இல்லாமல் துண்டித்த எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பது எனக்கு இன்றுதான் உறைத்தது. அந்த எண்ணுக்கே அழைத்தேன். தருமபுரிப் பக்கம் ஒரு தம்பி எடுத்தார். "அண்ணா, உங்கள் வீட்டு வங்கிச் செய்திகள்கூட எனக்குத்தான் வந்துகொண்டிருக்கின்றன" என்றார். நல்ல பிள்ளை. ஆறு இலக்கத்தையும் நிறுத்தி நிதானமாகப் படித்துச் சொன்னார். அரிசி கிடைத்துவிட்டது.

ஆகவே என் ஆற்றாமை அரிசியைப் பற்றியது இல்லை. பதினைந்து ஆண்டாக அம்மாவை முகம் பார்த்துப் பேசுகிறவர் சொன்னால் செல்லாது. அம்மாவைப் பார்த்தே இராத ஒரு தம்பி எங்கிருந்தோ ஆறு எண்ணைச் சொன்னால் செல்லும். என் அம்மா என் அம்மாதான் என்று இன்று உறுதி செய்தவர் அவர்தான். இதற்குப் பெயர் பாதுகாப்பா?


ஓய்வுபெற்ற காசாளர், அஸ்தம்பட்டி
சனி, இரவு 10.25

தம்பி, உங்கள் அம்மாவுக்கு நேர்ந்தது வருத்தம் தருகிறது. ஆனாலும் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு ஆண்டு வங்கியில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

1991-இல் உங்கள் அம்மா எங்கள் கிளைக்குக் கணக்குத் தொடங்க வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அறிமுகக் கையெழுத்துக் கேட்டிருப்போம். ஏற்கனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் "இவரை எனக்குத் தெரியும்" என்று கையெழுத்திட வேண்டும். பட்டறையில் வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கணக்கு உள்ள யாரைத் தெரியும்? பட்டறை முதலாளியைத்தான். அவரிடம் முன்பணம் வாங்கியிருப்பார். தொழிலாளி கையில் நாலு காசு சேர்ந்தால் முன்பணத்தை அடைத்துவிட்டு வேறு பட்டறைக்குப் போய்விடுவார் என்று முதலாளிக்குத் தெரியும். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார். அந்த அடுத்த வாரம் வராது. படிவத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு திரும்பிப் போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக நானே அறிமுகக் கையெழுத்துப் போட்டதும் உண்டு, எல்லோருக்கும் போட முடியவில்லை.

முகம் தெரிந்தவர் சொல்வதுதான் அடையாளம் என்ற காலம் அப்படித்தான் இருந்தது. முகம் தெரிந்தவர் நல்லவராக இருந்தால் பிழைத்தோம். போலி குடும்ப அட்டைகளில் அரிசி வெளியே போனதும் அதே முகம் தெரிந்தவர்களின் காலத்தில்தான். 2009-இல் ஆதார் ஆணையம் அமைத்து, 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் தெம்பிலி கிராமத்தில் முதல் எண்ணைக் கொடுத்தபோது, யாருடைய சிபாரிசும் இல்லாமல் ஓர் ஏழை தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளலாம் என்று நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன். இன்றும் அந்த மகிழ்ச்சியை முழுவதும் விட்டுவிடவில்லை.


ஐந்து ரோடு
சனி, இரவு 10.50

என் மனைவியின் சங்கிலியைப் பறித்தவனைப் பிடித்தது தெருக் கேமரா. நான்கு நாளில் சங்கிலி திரும்பி வந்தது. கேமரா என்றாலே சுதந்திரம் பறிபோனதாகப் பேசுகிறவர்களுக்கு இதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.


இருபதாவது வளைவு
ஞாயிறு, காலை 6.15

ஏற்காட்டில் தங்கும் விடுதி ஒன்றில் வரவேற்பறை வேலை பார்க்கிறேன். பெயர் வேண்டாம்.

வருகிறவர்களிடம் ஆதார் நகல் வாங்கிக் கோப்பில் போடுவோம். சீசனில் ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது சேரும். கோடை விழா நாட்களில் இன்னும் கூடும். கோப்பு நிரம்பியதும் அட்டைப்பெட்டி, பெட்டி நிரம்பியதும் மாடிப்படிக்கு அடியில் சாக்கு. சாக்கு எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை.

போன மழைக்காலத்தில் ஏரிப் பக்கம் மிளகாய் பஜ்ஜி வாங்கினேன். மடித்துக் கொடுத்த தாளில் எண்ணெய் ஊறி அடியிலிருந்து ஒரு முகம் மேலே தெரிந்தது. விரித்துப் பார்த்தேன். ஆதார் நகல். இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண். பிறந்த தேதி, தந்தை பெயர், கதவு எண் முதல் பின்கோடு வரை முகவரி, பன்னிரண்டு இலக்கமும் அச்சுக் குலையாமல். ஓரத்தில் அறை எண் நீல மையில். அந்த அறை எண் என் கையெழுத்து.

பஜ்ஜியைத் தின்ன முடியவில்லை. தாளைப் பொடிப்பொடியாகக் கிழித்து அடுப்பில் போட்டேன். மீதித் தாள்கள் எத்தனை கடைக்குப் போயிருக்கும்? அந்தப் பெண் யாருடன் வந்தார், எதற்கு வந்தார் என்பது அவருடைய சொந்த விஷயம். ஊரில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். அவர் நம்பிக் கொடுத்த தாளைக் காக்க வேண்டியது என் வேலையாக இருந்தது, நான் காக்கவில்லை.

இப்போது நான் நகல் வாங்குவதில்லை. அட்டையைப் பார்த்து, பதிவேட்டில் பெயரும் கடைசி நான்கு இலக்கமும் எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். முதலாளியோடு இதற்காகச் சண்டை நடந்தது. வெளியூர் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் எட்டு இலக்கத்தை மறைத்த ஆதார் என்று ஒன்று இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், அதைக் கொடுங்கள். நகல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், முகத்தின் குறுக்கே தேதியும் எதற்காகக் கொடுத்தது என்பதும் பேனாவால் எழுதிக் கொடுங்கள்.


அழகாபுரம் சமையல்
ஞாயிறு, மதியம் 2.05

மகள் தட்டச்சு செய்து கொடுக்கிறாள். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று வீட்டில் சமைக்கிறேன். வாயிலில் காவலாளி என் முகத்தைக் கைப்பேசியில் படம் எடுத்தார். உள்ளே போகும் நேரம், வெளியே வரும் நேரம் எல்லாம் எல்லா வீட்டுக்கும் போகிறது. அந்தக் கைப்பேசிச் செயலியில் எனக்கு நட்சத்திரமும் போடுகிறார்கள். ஒரு வீட்டில் சம்பளம் கூட்டிக் கேட்டேன், தரவில்லை, நின்றுவிட்டேன். அந்த வீட்டார் ஒரு நட்சத்திரம் போட்டார்கள். இரண்டு மாதம் அந்தக் கட்டடத்தில் புது வீடு கிடைக்கவில்லை.

எனக்கு எத்தனை நட்சத்திரம் என்று நான் பார்க்க முடியாது. என் பக்கத்துக் காரணத்தைச் சொல்ல அதில் இடம் இல்லை. நான் அவர்களுக்கு நட்சத்திரம் போட முடியாது. வீட்டுக்குள் வரும் ஆள் யார் என்று தெரிந்துகொள்ள நினைப்பது தவறு என்று நான் சொல்லமாட்டேன். நானும் பெண் பிள்ளை வைத்திருக்கிறேன். என் பெயரில் எழுதியதை எனக்குக் காட்ட வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.


நாமமலை அடிவாரம்
ஞாயிறு, இரவு 8.30

சேலம் நீதிமன்றத்தில் வழக்காடுகிறேன். இழையை இரண்டு முறை படித்தேன். சட்டம் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே பலரும் தங்களுக்கு உள்ள உரிமையை வேண்டுகோளாகக் கேட்கிறீர்கள்.

2012-இல் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி ஆதாரை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனார். அப்போது அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. அந்த வழக்கில்தான், அந்தரங்கம் அடிப்படை உரிமையே இல்லை என்று அரசுத் தரப்பு வாதிட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்த வாதத்தைத் தள்ளினார்கள். உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவுக்குள்ளேயே அந்தரங்கமும் அடங்கும் என்றார்கள்.

அடுத்த ஆண்டு, 2018 செப்டம்பர் 26 அன்று, ஐந்து நீதிபதிகள் அமர்வு நான்குக்கு ஒன்று என்று ஆதாரைச் செல்லும் என்றது. அரசு உதவிக்கும் வருமான வரிக்கும் கேட்கலாம், வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் கட்டாயப்படுத்தக் கூடாது, தனியார் நிறுவனங்கள் கேட்க வழிவைத்த பிரிவு செல்லாது. மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சந்திரசூட். மறு ஆண்டே சட்டத்தைத் திருத்தி, வங்கியும் தொலைபேசி நிறுவனமும் விருப்பத்தின்பேரில் வாங்கலாம் என்றார்கள். எங்கள் சிக்கல் இந்த "விருப்பம்" என்ற சொல்லில்தான். கவுன்டரில் நிற்கும் பெண்ணுக்கு வேறு ஆவணமும் காட்டலாம் என்று யார் சொல்கிறார்கள்?

செவ்வாய்ப்பேட்டை நண்பருக்கு: ரேகை விழவில்லை என்பதற்காகவோ இணைய இணைப்பு இல்லை என்பதற்காகவோ ரேஷனை மறுக்கக் கூடாது என்று ஆதார் ஆணையமே 2017 அக்டோபரில் சுற்றறிக்கை விட்டது. அப்படிப்பட்டவர்களுக்கு வேறு வழியில் கொடுத்துவிட்டுப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். அந்தச் சுற்றறிக்கை வெளியான சூழ்நிலை உங்களுக்கு நினைவிருக்கலாம். அதற்கு முந்தைய மாதம் ஜார்க்கண்டின் சிம்தேகா மாவட்டத்தில் ஒரு பதினொரு வயதுச் சிறுமி இறந்தாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று குடும்ப அட்டையை நீக்கிவிட்டார்கள், பட்டினியால் இறந்தாள் என்று தாய் சொன்னார். நோயால் இறந்தாள் என்றது அரசு. அட்டை நீக்கப்பட்டது என்பதில் இரண்டு பேச்சு இல்லை.

அழகாபுரம் அம்மாவுக்கு: 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவும், தவறானதைத் திருத்தச் சொல்லவும், அழிக்கச் சொல்லவும் உரிமை தருகிறது. நடைமுறை விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, படிப்படியாகத்தான் அமலுக்கு வருகின்றன. ஆனாலும் குடியிருப்போர் சங்கத்துக்கு இப்போதே ஒரு கடிதம் எழுதலாம், நான் எழுதித் தருகிறேன், கட்டணம் வேண்டாம். அந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. தன் துறைகளுக்கு அதிலிருந்து விலக்களித்துக்கொள்ளும் அதிகாரத்தை அரசு தன் கையிலேயே வைத்துக்கொண்டது.


செவ்வாய்ப்பேட்டை மகன்
ஞாயிறு, இரவு 10.10

காசாளர் ஐயாவின் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவர் சொல்வது நிஜம்தான்" என்றார். அவருடைய பட்டறை முதலாளியும் கையெழுத்துப் போடவில்லையாம். எனக்கு இது இத்தனை ஆண்டாகத் தெரியாது. அப்பாவின் சித்தப்பா ஒருவர் மூலம்தான் கணக்குத் தொடங்கியிருக்கிறார், அதுவும் இரண்டு ஆண்டு அலைந்து.

ஆகவே பழைய காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அப்படித் தொனித்திருந்தால் திருத்திக்கொள்கிறேன். அன்று முதலாளி "தெரியாது" என்றார், அம்மா திரும்பி வந்தார். இன்று மிஷின் "தெரியாது" என்கிறது, அம்மா வரிசையைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிறார். முதலாளியிடமாவது காரணம் கேட்டுச் சண்டை போட வழி இருந்தது. ரேகை எடுக்கும் கருவி பிழை செய்தால், பிழையைத் திருத்திக் கையெழுத்துப் போட்டு, "நான் பொறுப்பு" என்று சொல்ல அங்கே ஓர் ஆள் வேண்டாமா? கடைக்காரரிடமிருந்து அந்த அதிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். வேறு யாரிடமும் கொடுக்கவும் இல்லை.


உப்பு மூட்டை
திங்கள், காலை 5.50

எங்கள் சாதியின் பெயரிலேயே இந்த ஊர் இருக்கிறது. சீர்மரபினர் பட்டியலில் "சேலம் உப்புக் கொறவர்" என்று பார்க்கலாம். கடற்கரை உப்பை மாட்டின் மேலும் கழுதையின் மேலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுவந்து தானியத்துக்கு மாற்றிப் பிழைத்தவர்கள். ரயில் வந்தது, உப்பின்மேல் அரசின் பிடி இறுகியது, பிழைப்புப் போயிற்று. பிழைப்பில்லாதவன் ஊர் ஊராக நடந்தால் அவன்மேல் சந்தேகம். 1871-இல் வட இந்தியாவில் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் கிராமங்களில் அதற்கு வழங்கிய பெயர் ரேகைச் சட்டம்.

பெயரே அதுதான், நண்பர்களே. ரேகை. குற்றம் செய்தவன் என்பதற்காக அல்ல, அந்தச் சாதியில் பிறந்ததற்காக விரலில் மை. இரவில் காவல் நிலையத்தில் படுக்கை. ஊர் தாண்ட வேண்டுமானால் ராதாரிச் சீட்டு. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்துத் திரண்ட மக்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். 1947-இல்தான் நம் மாகாணத்தில் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள், நாடு முழுவதும் நீங்க 1952 ஆகஸ்ட் ஆயிற்று.

என் பாட்டி சிறுமியாக இருந்தபோது தன் அப்பா விரலில் இருந்த மையைச் சாம்பலும் புளியும் வைத்துத் தேய்ப்பதைப் பார்த்தவர். மை போகாமல் தோல் உரியும் வரை தேய்ப்பாராம். ஆதார் முகாமுக்குப் பாட்டியை நான்தான் அழைத்துப் போனேன். கண்ணாடிமேல் கையை வைக்கச் சொன்னதும் பின்னால் இழுத்துக்கொண்டார். "எதற்கு? நான் என்ன செய்துவிட்டேன்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அங்கே இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள்மேல் கோபம் இல்லை, அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

தப்பு செய்யாதவர்களுக்கு என்ன பயம் என்று கேட்பவர்களுக்கு என் பாட்டியின் கேள்வியைத்தான் திருப்பித் தருவேன். 2022-இல் கொண்டுவந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டத்தின்படி, கைதானவர்களின் ரேகை, கருவிழி, காலடித்தடம் வரை எடுத்து 75 ஆண்டு வைத்திருக்கலாம். எந்தத் தெருப் பிள்ளைகளைச் சந்தேகத்தின்பேரில் முதலில் தூக்குவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஐந்து ரோடு நண்பரின் சங்கிலி கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். சங்கிலி காணாமல் போன ஒவ்வொரு முறையும் எங்கள் தெருவுக்கு வண்டி வந்த காலமும் உண்டு என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.


ஐந்து ரோடு
திங்கள், காலை 7.20

ஐயா, தெரியாமல் எழுதினேன். நீங்கள் சொன்னதைப் படித்தபின் என் பதிவு எனக்கே சின்னதாகத் தெரிகிறது. அழிக்க மனமில்லை, இருக்கட்டும்.


காப்பித் தோட்டம்
திங்கள், இரவு 7.45

இழை ஒரே பக்கமாகச் சாய்வதுபோல இருப்பதால் எழுதுகிறேன். சேர்வராயன் மலையில், ஏற்காடு ஊரைத் தாண்டி உள்ளே இருக்கும் கிராமம். பழம் பறிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டே மகளிர் குழுக் கணக்கும் எழுதுகிறேன்.

என் அம்மாவின் கூலி மேஸ்திரி கையில்தான் வரும். இத்தனை கிலோ பறித்தாய், இவ்வளவு கழித்தேன், இந்தா மீதி என்பார். கேட்டால் மறுநாள் வேலை இல்லை. மீதியையும் அப்பா வாங்கிக்கொள்வார். இன்று என் பெயரில் ஒரு கணக்கு இருக்கிறது. அரசின் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் 2023 செப்டம்பரிலிருந்து அதில் விழுகிறது. வந்த செய்தி என் கைப்பேசிக்கு வருகிறது. அந்தப் பணத்தில் முதன்முதலாக நான் வாங்கியது ஒரு டார்ச் லைட். இருட்டில் யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் நானே நடக்க வேண்டும் என்று ஆசை. பன்னிரண்டு இலக்கம் இல்லாமல் இது நடந்திருக்காது. எனக்கு அந்த எண்ணில் கிடைத்தது விடுதலைதான், அதைக் குறைத்துப் பேச வேண்டாம்.

ரேகை சங்கதி எங்களுக்கும் உண்டு. தை மாதம் பழம் பறித்து முடியும்போது விரலெல்லாம் கறையும் வெடிப்பும். சிக்னலும் மழை மேகம் இறங்கினால் போய்விடும். பாறை மேட்டில் ஏறிக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது எங்கள் ஊரில் அன்றாடக் காட்சி. ஆனாலும் மேஸ்திரி கையிலிருந்து கூலி வாங்கிய நாளைவிட இந்தப் பாறை மேடு எனக்குப் பிடித்திருக்கிறது. எண்ணையும் வைத்துக்கொண்டு, எண் தவறும்போது கேட்பதற்கு ஆளும் வேண்டும் என்று கேட்போம். செவ்வாய்ப்பேட்டை அண்ணன் கேட்பதும் அதுதானே?


ஓய்வுபெற்ற காசாளர், அஸ்தம்பட்டி
செவ்வாய், காலை 11.00

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

என் அக்கா ஓய்வுபெற்ற ஆசிரியை. தனியாக வசிக்கிறார். சென்ற ஆண்டு ஒரு நாள் காவல் சீருடையில் ஒருவன் காணொளி அழைப்பில் வந்தான். உங்கள் ஆதார் எண்ணில் வாங்கிய சிம் கார்டில் பணமோசடி நடந்திருக்கிறது, டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், கேமராவை அணைக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது என்றான். ஒன்பது மணி நேரம். அக்கா தண்ணீர் குடிக்கக்கூட அவனிடம் அனுமதி கேட்டிருக்கிறார். நாற்பது ஆண்டு வகுப்பறையை ஒரு பார்வையில் அடக்கியவர்.

ஏன் நம்பினாய் என்று பிறகு கேட்டேன். "என் ஆதார் எண் சொன்னான், அப்பா பெயர் சொன்னான், கணக்கின் கடைசி நான்கு எண் சொன்னான். இத்தனையும் தெரிந்தவன் அரசாங்கமாகத்தானே இருக்க முடியும்?" என்றார். ஏற்காட்டுத் தம்பி எழுதிய பஜ்ஜித் தாளைப் படித்ததும் எனக்கு அந்தப் பதில்தான் நினைவுக்கு வந்தது. வங்கியில் இருந்த காலம் முழுவதும், ஆவணம் கேட்டால் கொடுங்கள், கேள்வி கேட்காதீர்கள் என்று மக்களைப் பழக்கியவர்களில் நானும் ஒருவன். யார் கேட்டாலும் நம்மை நிரூபிக்க ஓடும் பழக்கம் அக்காவிடம் ஊறிப்போயிருந்தது. அந்தப் பழக்கத்தைத்தான் அந்தத் திருடன் பயன்படுத்திக்கொண்டான்.

பணம் போகவில்லை. கீழ்வீட்டுப் பெண் வாங்கிப்போன இட்லிப் பானையைத் திருப்பிக் கொடுக்க வந்து கதவைத் தட்டினார். திறக்கவில்லை என்றதும் விடாமல் தட்டியிருக்கிறார். அக்கா எழுந்து போய்த் திறந்தார், அதோடு அழைப்பு அறுந்தது.

தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: டிஜிட்டல் கைது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை இடையில் நிறுத்த வாய்ப்பு. ஆதாரில் ரேகையைப் பூட்டிவைக்கும் வசதியும் உண்டு. பத்திரங்களில் இருக்கும் ரேகையைப் படியெடுத்துக் கணக்கில் கைவைத்த மோசடிகள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. கடவுச்சொல் திருடு போனால் மாற்றலாம், விரலை எங்கே போய் மாற்றுவது? ரேகை வேண்டியபோது திறந்து, மற்ற நேரம் பூட்டி வையுங்கள்.

செவ்வாய்ப்பேட்டைத் தம்பி, முதல் பதிவில் உங்களுக்கு நான் சொன்ன பதில் பாதிதான். மீதியை நீங்கள் சொன்னீர்கள்.


செவ்வாய்ப்பேட்டை மகன்
வியாழன், இரவு 9.15

நேற்று அம்மாவை ஆதார் மையத்துக்கு அழைத்துப் போனேன், கைப்பேசி எண்ணை மாற்ற. அங்கேயும் முதலில் விரலைத்தான் வைக்கச் சொன்னார்கள். அம்மா என்னைப் பார்த்தார். அதற்குள் அங்கிருந்த பெண், "வேண்டாம் அம்மா, கண்ணைக் காட்டுங்கள்" என்று கருவியை எடுத்தார். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. வங்கியிலும் எண்ணை மாற்றிவிட்டோம். தருமபுரித் தம்பிக்கு அழைத்து, இனி எங்கள் செய்திகள் வராது என்று சொன்னேன். "அம்மா நலமா?" என்று கேட்டார்.

திரும்பும் வழியில் ரேஷன் கடைக்குப் போனேன். வழக்கறிஞர் சொன்ன சுற்றறிக்கையைப் பற்றிக் கடைக்காரரிடம் பேசினேன். அவர் மறுக்கவில்லை. "எழுதிக் கொடுக்க எனக்கும் மனம் இருக்கிறது. நாளைக்கு ஆய்வுக்கு வருகிறவர் இது யார் கையெழுத்து என்று என்னைத்தான் கேட்பார். மேலே இருந்து ஒரு வரி வாங்கி வாருங்கள், மறுநாளே பதிவேடு திறக்கிறேன்" என்றார். எங்கள் கடையில் மட்டும் ரேகை விழாதவர்கள் பதினோரு பேர் என்று விரல்விட்டு எண்ணினார். எட்டுப் பேர் பட்டறைக்காரர்கள், இருவர் தறி, ஒருவர் கட்டட வேலை.

இரண்டாம் சனிக்கிழமை ரேஷன் குறைதீர் முகாம் நடக்கிறது. பதினோரு பேரையும் பார்த்துப் பேசி, ஒரே மனுவாகக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். மலையிலிருந்தும் இப்படி இருப்பவர்களின் பெயர் கிடைத்தால் அந்த வட்டத்தில் தனியாகக் கொடுக்கலாம். யார் வருகிறீர்கள்?


காப்பித் தோட்டம்
வியாழன், இரவு 9.30

எங்கள் குழுவில் நான்கு பேர். ஞாயிறு சந்தைக்குக் கீழே வரும்போது எழுதி எடுத்து வருகிறேன்.


நாமமலை அடிவாரம்
வியாழன், இரவு 9.50

வருகிறேன். சுற்றறிக்கையின் நகலும் கொண்டுவருகிறேன். மனுவைக் கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பக் கூடாது.


ஓய்வுபெற்ற காசாளர், அஸ்தம்பட்டி
வியாழன், இரவு 10.05

மனுவை நான் எழுதுகிறேன், அந்தக் கை இன்னும் மறக்கவில்லை. தம்பி, ஒன்று மட்டும் கவனம்: பதினோரு பேரின் அட்டை எண்களையும் இந்த இழையில் போட்டுவிடாதீர்கள். தாளில் எழுதி நேரில் கொண்டுவாருங்கள். வேலை முடிந்ததும் அந்தத் தாளை என்ன செய்வது என்பதையும் அன்றைக்கே பேசி முடித்துக்கொள்வோம்.